பண்பாடு அறிந்து மதிப்பெண் இடுவது: பார்மசி மாணவர்களுக்கான ஆஸ்கி தேர்வு, தொடக்கம் முதல் முடிவு வரை

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு ஃபார்ம் டி (மருந்தியல் முனைவர் பட்டப்படிப்பு) மாணவர்களுக்கு முதன்முறையாக ஆஸ்கி (OSCE) தேர்வு, அதாவது நிலையம் நிலையமாகச் செய்முறைத் திறனை மதிப்பிடும் தேர்வு, நடத்தினோம். அதில் ஒரு கேஸை, அதாவது மாணவர் கையாள வேண்டிய நோயாளிச் சூழலை, வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தோம். கணவருக்கு எழுதித் தந்த வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) மாத்திரையை வாங்க மனைவி வருகிறார். மாணவர் அவருக்கு அறிவுரை வழங்க வேண்டும். மதிப்பெண் தாளின் முதல் வரி, "நோயாளியின் முழுப் பெயரைக் கேட்டுச் சீட்டுடன் சரிபார்த்தார்: 2 மதிப்பெண்" என்றிருந்தது. மனைவியாக நடித்தவர் கோவைப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த, அறுபதைத் தாண்டிய பெண்மணி. மாணவி பெயரைக் கேட்டதும் அவர் சற்றே வெட்கத்துடன் சிரித்து, "அதான் சீட்டுல எழுதியிருக்குதுங்களே கண்ணு" என்றார். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அது நடிப்பும் அல்ல. மாணவி ஒரு நொடியில் புரிந்துகொண்டு சீட்டிலிருந்த பெயரைத் தாமே வாசித்தார். வாசித்த பெயருக்கு யாரும் தலையாட்டிவிடுவார்கள் என்பதால் "ஐயாவுக்கு வயசு எத்தனைங்கம்மா, எந்த ஊருங்க?" என்று கேட்டு, இரண்டு விடைகளையும் சீட்டுடன் ஒப்பிட்டார். தேர்வாளர் பூஜ்யம் போட்டார். தாளில் இருந்தது "பெயரைக் கேட்டார்" என்பதுதான். மாணவி கேட்டது வேறு.

அந்தத் தேர்வாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாள் சொன்னதைத்தான் அவர் செய்தார். தவறு தாளில் இருந்தது: அந்த வரி நோக்கத்தை எழுதாமல், ஓர் ஊரில் அந்த நோக்கம் நிறைவேறும் விதத்தை எழுதியிருந்தது. உரிய மருந்து உரிய ஆளுக்குச் சேர வேண்டும் என்பது எந்த ஊரிலும் மாறாது. அதை உறுதிசெய்யும் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். இவ்விரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தால், வேறொரு பண்பாட்டில் உருவான தேர்வை நம் மாணவர்களுக்கு நியாயமாக நடத்தலாம். அதற்கான வழியை, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கி, 1975இல் வெளியிட்ட முறையே ஆஸ்கி. மாணவர் நிலையம் நிலையமாகச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பணி, ஒரே அளவு நேரம், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் தாள். பார்மசித் துறையும் இதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. கனடாவில் மருந்தாளுநர் உரிமத்துக்கான தேசியத் தேர்வில் ஆஸ்கி ஒரு பகுதியாகவே உள்ளது. கத்தார் பல்கலைக்கழகத்தின் பார்மசி கல்லூரி கனடாவின் அங்கீகாரத் தரத்தைப் பின்பற்றுவது. அங்கே மாணவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். மருந்தகத்துக்கு வரும் நோயாளிகளோ அரபியும் உருதுவும் மலையாளமும் பேசுகிறவர்கள். கனடாவில் பழகிய தேர்வு முறையை அங்கே கொண்டுசென்றபோது மொழி, பாலினம், வெளிப்படையாகப் பேச முடியாத விஷயங்கள் முதலியவற்றைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தியாவில் ஃபார்ம் டி படிப்பு 2008இல்தான் தொடங்கியது. நம் நிலைமை பெயரளவில் வேறாயினும் சாரத்தில் அதுவேதான்.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்வது

ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு அடுக்குகளாகப் பிரித்தார்: அறிந்திருத்தல், எப்படி என அறிந்திருத்தல், செய்து காட்டுதல், பணியிடத்தில் உண்மையிலேயே செய்தல். ஆஸ்கி அளப்பது மூன்றாம் அடுக்கை மட்டுமே. வார்ஃபரினோடு எந்தெந்த மருந்து மோதும் என்ற பட்டியலைக் கேட்க ஒரு நிலையத்தை வீணாக்க வேண்டியதில்லை. அது எழுத்துத் தேர்வின் வேலை. வார்டு ரவுண்டில் மருத்துவரிடம் ஒரு மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லும் துணிவு நான்காம் அடுக்கைச் சேர்ந்தது. அதை வார்டிலேயே கவனித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலிருந்து கீழாகத் திறன்களையும் (மருந்து வரலாறு கேட்டல், அறிவுரை வழங்கல், கருவியைக் கையாளக் கற்றுத்தருதல், மருத்துவருடன் தொலைபேசியில் பேசுதல், சீட்டிலுள்ள பிழையைக் கண்டறிதல்), இடமிருந்து வலமாக நோய்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு கட்டத்தில் அமர வேண்டும். இதைச் செய்யாத கல்லூரிகளில் பத்தில் ஆறு நிலையங்கள் சர்க்கரை நோயாகவே அமைந்துவிடுகின்றன. கேஸ் எழுத அதுதான் எளிது.

இரண்டாம் படி: கடன் வாங்கிய கேஸை இருமுறை சலிப்பது

கேஸ் முழுவதையும் புதிதாக எழுதத் தேவையில்லை. நல்ல கேஸ்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் சலிக்காமல் பயன்படுத்தக் கூடாது. முதல் சல்லடை பொருளுக்கு, இரண்டாம் சல்லடை பண்பாட்டுக்கு. பலர் முதலாவதை மறந்துவிட்டு நேராக இரண்டாவதற்குப் போகிறார்கள்.

பொருள் என்றால் என்ன என்பதற்கு இன்சுலினே போதிய சான்று. பல நாடுகளில் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். நம் ஊர் மருந்துக் கடையிலும் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. நோயாளிக்கு 20 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட்; நோயாளி வீடு திரும்புவதற்குள் மயங்கி விழலாம். வெளிநாட்டுக் கேஸில் இந்தக் குழப்பமே இருக்காது, அதனால் அவர்களுடைய மதிப்பெண் தாளிலும் இருக்காது. நம் தாளில் "குப்பியின் வலிமையையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் சேர்த்துக் காட்டினார்" என்ற வரி கட்டாயம் வேண்டும். ரத்தச் சர்க்கரையின் அலகும் இப்படித்தான்: கனடாக் கேஸில் 7.0 (லிட்டருக்கு மில்லிமோல்) என்றிருப்பது நம் ஆய்வகச் சீட்டில் 126 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). அலகை மாற்றாமல் கொடுத்தால் மாணவரின் மருத்துவ அறிவை விட்டுவிட்டு, பதற்றத்தில் கணக்குப் போடும் திறனையே அளந்துகொண்டிருப்போம்.

இரண்டாம் சல்லடைக்கு நான்கு கேள்விகள் போதும். மருந்து வாங்க வருவது யார்? நோயை அவர் எந்தச் சொல்லால் சொல்வார்? எதை நேராகக் கேட்க முடியாது? மருந்து நேரத்தோடு மோதும் உணவு, விரத வழக்கம் எது?

முதல் கேள்வியே பல கேஸ்களைப் புரட்டிப்போட்டுவிடும். மேலைநாட்டுக் கேஸில் நோயாளி தானே வருகிறார், தனியாகப் பேசுகிறார், தன் நோயைத் தானே முடிவு செய்கிறார். இங்கே வருவது மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன், சில சமயம் ஆட்டோ ஓட்டுநர். "நோயாளியிடம் நேரடியாகப் பேசினார்" என்ற வரிக்குப் பதில், "மருந்தைக் கையால் எடுத்துத் தரப்போவது யார் என்று கேட்டறிந்தார், அவருக்குச் செய்தி சென்றுசேர வழி செய்தார்" என்று எழுதலாம். அதே வேளையில், மகன் எதிரே நிற்கிறார் என்பதற்காகத் தாயின் கர்ப்பப்பை நோயைப் பற்றி உரத்துப் பேசிவிடக் கூடாது. குடும்பம் சேர்ந்து முடிவெடுக்கும் ஊரிலும் இரகசியம் இரகசியம்தான். குடும்பத்திடம் எதுவரை பேசலாம் என்ற எல்லையை மாணவர் எங்கே போடுகிறார் என்று பார்க்கும் நிலையம் ஒன்றையாவது வையுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு எடுத்துக்காட்டு, பூஞ்சைத் தொற்றுக்காகப் பெண்ணுறுப்பில் வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை. கூச்சத்தால் "இராத்திரி படுக்கும்போது ஒண்ணு வச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டால், அதை வாயில் போட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. இதை ஆண் மாணவர் பெண் நோயாளியிடம் எப்படிச் சொல்வது? அந்த நிலையத்தையே எடுத்துவிடலாம் என்று எங்கள் குழுவில் சிலர் வாதிட்டனர். நான் ஒப்பவில்லை. கவுன்ட்டரில் நாளை அவர் நிற்கத்தான் போகிறார். ஓரமாக அழைத்துப் பேசுவது, படம் வரைந்து காட்டுவது, உடன் பணிபுரியும் பெண் மருந்தாளுநரைக் கூப்பிடுவது ஆகிய மூன்றுமே முழு மதிப்பெண்ணுக்கு உரியவை என்று எழுதினோம். "வாய்வழி உண்ணும் மாத்திரை அல்ல என்று நோயாளிக்குப் புரிந்ததா" என்ற வரியை மட்டும் யாருக்கும் தளர்த்தவில்லை.

மூன்றாம் படி: நோயாளியின் வாய்மொழியை எழுதுவது

கேஸ் எழுதும்போது பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. ஆங்கிலத்தில் எழுதி அங்கேயே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்று நடிப்பவரிடம் விட்டால், ஒரே நிலையத்தில் காலையில் ஒரு நோயாளியும் மாலையில் வேறொரு நோயாளியும் இருப்பார்கள். நோயாளி சொல்லும் முதல் வாக்கியத்தையாவது எழுத்துக்கு எழுத்து தமிழில் எழுதிவிட வேண்டும்.

"வாய்வு புடிச்ச மாதிரி இருக்குது, ஒரு ஜெலுசில் குடுங்க" என்று நெஞ்சைத் தடவியபடி ஐம்பத்தைந்து வயதுக்காரர் கேட்பது ஒரு நிலையத்தின் மொத்தப் பாரத்தையும் தாங்கும். வாய்வு என்ற சொல்லுக்குள் அஜீரணமும் இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். வலி இடது கைக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா, படி ஏறினால் கூடுகிறதா என்று கேட்காமல் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அந்த நிலையத்தில் தேறக் கூடாது. "மயக்கமா வருது" என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். "இந்த மாத்திரை சூடு" என்று நோயாளி சொல்லும்போது அவர் குறிப்பது வயிற்றெரிச்சலா, நீர்க்கடுப்பா, வாய்ப்புண்ணா என்று விசாரிக்க வேண்டும். "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது" என்று மறுத்துவிட்டால் நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்மிடம் சொல்லவும் மாட்டார்.

தமிழுக்குள்ளேயே எல்லை உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் "எனக்கு வருத்தம்" என்றால் நோய், சென்னையில் மனவேதனை. அங்கே குளிசை, இங்கே மாத்திரை. மலேசியாவில் இனிப்பு நீர் என்பதை இங்கே சுகர் என்கிறோம். தமிழில் எழுதிய கேஸ் என்பதாலேயே அது எல்லாத் தமிழருக்கும் பொருந்திவிடாது.

நான்காம் படி: நோயாளியாக நடிப்பவரைப் பயிற்றுவிப்பது

கல்லூரி அலுவலக உதவியாளரையோ இளநிலை மாணவரையோ உட்கார வைப்பது பொதுவான வழக்கம். மாணவர்களுக்கு அவர்களைத் தெரியும், அவர்களும் விடையை அசைவிலேயே காட்டிவிடுவார்கள். ஓய்வுபெற்ற செவிலியர், பள்ளி ஆசிரியர், நாடகக் குழுவினர் ஆகியோர் ஏற்றவர்கள். குறைந்தது இரண்டு அமர்வுகள் பயிற்சி வேண்டும்: முதலாவதில் கேஸை மனத்தில் ஏற்றுதல், இரண்டாவதில் வேண்டுமென்றே மோசமாகவும், சுமாராகவும், நன்றாகவும் பேசும் மூன்று ஆசிரியர்களை எதிர்கொள்ளுதல். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை எவை, தாமாகவே சொல்ல வேண்டியவை எவை என்று எழுதிக் கொடுங்கள். நம் ஊர் நடிகர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாணவர் திணறுவதைப் பார்த்தால் மனம் இளகி உதவிவிடுவார்கள். எங்களுடைய பெண்மணி ஒருவர், "புள்ள பாவம், தவிக்குது" என்று நாட்டு மருந்து சாப்பிடும் செய்தியைக் கேட்காமலே சொல்லிவிட்டார். பிறகு அவரிடம், "நீங்கள் சொல்லிவிட்டால் உண்மையான நோயாளியிடம் இவர் கேட்காமல் விட்டுவிடுவார்" என்று விளக்கினோம். அதன்பின் அவரிடமிருந்து ஒரு வார்த்தை கூடுதலாக வரவில்லை.

ஐந்தாம் படி: மதிப்பெண் தாளை இரண்டு மையில் எழுதுவது

நான் தாளை எழுதும்போது பாதுகாப்பு வரிகளைச் சிவப்பிலும் பேச்சு வரிகளை நீலத்திலும் எழுதுவது வழக்கம். சிவப்பு வரி எந்த ஊரிலும் மாறாது, பாதி செய்ததற்குப் பாதி மதிப்பெண் என்பதும் அதில் கிடையாது. நீல வரியில் நோக்கம் மட்டும் இருக்கும். அதை நிறைவேற்றும் விதங்களில் ஏற்கத்தக்கவை தேர்வாளருக்கான தனிக் குறிப்பில் இருக்கும்.

ரமலான் நோன்பு நிலையத்தை முழுதாகப் பார்ப்போம். சர்க்கரை நோயுள்ள ஐம்பத்துநான்கு வயதுக்காரர், காலை உணவுக்கு முன் கிளிமெபிரைட் 2 மி.கி., இரு வேளை மெட்ஃபார்மின் 500 மி.கி. எடுக்கிறார். அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது, "மாத்திரையை எப்பப் போடறது?" என்று மட்டும் கேட்கிறார். சிவப்பு வரிகள் நான்கு: இதற்கு முன் சர்க்கரை இறங்கிய அனுபவம் உண்டா என்று கேட்டார், காலை கிளிமெபிரைடை அப்படியே போட்டுவிட்டுப் பகல் முழுதும் பட்டினி இருந்தால் நேரும் ஆபத்தைச் சொன்னார், நேரத்தையும் அளவையும் தாமாக மாற்றாமல், நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றுவது பற்றி மருத்துவரிடம் நோன்புக்கு முன்பே பேச வழி செய்தார், சர்க்கரை 70க்குக் கீழ் போனால் நோன்பை முறிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். நீல வரிகள் இரண்டு: நோன்பிருக்கும் விருப்பத்தை மதித்துப் பேசினார், சஹர், நோன்புக் கஞ்சி, இஃப்தார் என்று நோயாளியின் நாளை ஒட்டி நேரத்தை விளக்கினார். "உடம்புக்கு ஆகாது, நோன்பெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்த மாணவர் நீல வரிகளை இழப்பார். நோயாளி அதன்பிறகு கேட்க மாட்டார் என்பதால் சிவப்பு வரிகளையும் சேர்த்தே இழப்பார். இதே கேஸை வெள்ளிக்கிழமை விரதத்துக்கோ சபரிமலை விரதத்துக்கோ மாற்றி எழுதலாம், ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. விரதத்துக்கு விரதம் உண்ணும் வேளையும் உணவும் வேறு.

கண்ணைப் பார்த்துப் பேசினாரா என்ற வரியை நாங்கள் எடுத்தேவிட்டோம். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது இங்கே மரியாதை. அதற்குப் பதில் திரும்பச் சொல்லக் கேட்டலுக்கு மதிப்பெண்ணைக் கூட்டினோம், ஏனெனில் நம் நோயாளிகள் புரியாவிட்டாலும் "சரிங்க சரிங்க" என்று தலையாட்டிவிடுவார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு மதிப்பெண் கிடையாது. "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்பதற்கு உண்டு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து படிக்கிறவர்கள் பலர். தமிழ் நிலையத்தில் அவர்களுடைய உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். நோயாளிக்குச் செய்தி சேராதபோதும் முழு மதிப்பெண் தருவது அதைவிட அநியாயம். மொழித் திறனைத் தனி வரியாக்கி, அறிவுரையின் உள்ளடக்கத்தோடு கலக்காமல் வைத்ததே எங்களுக்குச் சரியாகப்பட்டது.

ஆறாம் படி: தேர்வாளர்களை ஒரே கோட்டில் நிறுத்துவது

தேர்வுக்கு முந்தைய வாரம், ஒத்திகையில் எடுத்த காணொளி ஒன்றைப் போட்டு எல்லோரையும் தனித்தனியே மதிப்பெண் இடச் சொல்லுங்கள். இருபதுக்கு ஒருவர் 9 போடுவார், இன்னொருவர் 16 போடுவார். சண்டை அன்றே நடந்து முடிந்துவிடுவது நல்லது. தம் மாணவரைத் தாமே மதிப்பிடாதபடி நிலையங்களைப் பங்கிடுங்கள்.

ஏழாம் படி: தேர்வு நாள்

ஃபார்ம் டி வகுப்பில் 30 இடங்கள். பத்து நிலையங்கள் வைத்தால் மூன்று சுற்றில் முடியும். நிலையத்துக்கு 8 நிமிடம், கேஸ் வாசிக்கவும் இடம் மாறவும் 2 நிமிடம். ஒரு சுற்றுக்கு 100 நிமிடம், மொத்தம் 5 மணி நேரம். நடிப்பவர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் இடைவேளை வைத்தே ஆக வேண்டும். முடித்த குழுவும் தொடங்காத குழுவும் சந்திக்காதபடி வேறு வேறு அறைகளில் அமர வையுங்கள், கைபேசிகளை வாங்கிவிடுங்கள். நேரம் போதாதென்று நிலையங்களைக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வாளரைப் போடுவது வீண். நம்பகத்தன்மையைக் கூட்டுவது நிலையங்களின் எண்ணிக்கையே.

எட்டாம் படி: தேர்ச்சிக் கோடு

ஐம்பது விழுக்காடு என்று எல்லா நிலையத்துக்கும் ஒரே கோடு போடுவது பழக்கம்; கடினமான நிலையத்துக்கும் எளிய நிலையத்துக்கும் அது பொருந்தாது. பிற நாட்டுத் தேர்ச்சிக் கோட்டை அப்படியே எடுப்பது இன்னும் பொருந்தாது, ஏனெனில் அந்தக் கோடு அவர்களுடைய மாணவரையும் தேர்வாளரையும் வைத்துப் பிறந்தது. தேர்வாளர் வரி வரியாக மதிப்பெண் இட்டபின், தனியாக ஒட்டுமொத்தத் தரம் ஒன்றையும் தர வேண்டும்: 1 தோல்வி, 2 எல்லைக்கோடு, 3 தேர்ச்சி, 4 நன்று, 5 மிக நன்று. பிறகு முப்பது மாணவர்களின் மதிப்பெண்ணையும் தரத்தையும் எக்ஸெல்லில் இட்டு, அந்தப் புள்ளிகளுக்கு மிக நெருங்கிச் செல்லும் நேர்க்கோடு ஒன்றை வரையுங்கள். இருபது மதிப்பெண் நிலையமொன்றில் அந்தக் கோடு 7 கூட்டல் தரத்தின் 2.2 மடங்கு என்று வந்தால், எல்லைக்கோட்டுத் தரமான 2க்கு 11.4 கிடைக்கும், அதுவே அந்த நிலையத்தின் தேர்ச்சி மதிப்பெண். எல்லைக்கோட்டில் நின்ற நான்கைந்து பேரின் சராசரியை மட்டும் எடுப்பதைவிட, முப்பது பேர் மட்டுமே உள்ள வகுப்புக்கு இது நிலையானது. சிவப்பு வரிகளில் உயிராபத்தானதைத் தவறவிட்டவருக்கு மொத்த மதிப்பெண் எதுவாயினும் அந்த நிலையத்தை மறுபடி வைப்பது நல்லது.

ஒன்பதாம் படி: முடிவுகளைத் திரும்பிப் பார்ப்பது

எந்த வரியில் எல்லோரும் தோற்றார்கள் என்று பாருங்கள். அது கற்பித்தலின் குறையாக இருக்கலாம், வரியின் குறையாகவும் இருக்கலாம். வெளிமாநில மாணவர்கள் மட்டும் சறுக்கிய நிலையம், பெண் மாணவர்கள் மட்டும் சறுக்கிய நிலையம் என்று தனித்தனியே எண்ணுங்கள். முப்பது பேரில் இது ஆதாரமாகாது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். நடித்தவர்களையும் உட்கார வைத்து, "இவரிடம் மறுபடி மருந்து வாங்க வருவீர்களா?" என்று கேளுங்கள். எந்தத் தாளிலும் சிக்காத விடைகள் அப்போது வரும். மாணவருக்கு மதிப்பெண்ணை மட்டும் ஒட்டாமல், ஒரு வாரத்துக்குள் நிலையம் நிலையமாக என்ன நேர்ந்தது என்று பேசிவிடுங்கள். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

பூஜ்யம் வாங்கிய அந்த மாணவியுடன் நடந்த பேச்சுக்குப் பிறகுதான் வார்ஃபரின் நிலையத்தின் தாளைத் திருத்தினோம். முதல் வரி இப்போது, "மருந்து யாருக்கு என்பதைச் சீட்டிலுள்ள இரண்டு விவரங்களால் உறுதிசெய்தார், அவற்றில் ஒன்றையாவது வந்தவர் தம் வாயால் சொல்லும்படி கேட்டார்" என்றிருக்கிறது. அதற்கு இப்போதும் 2 மதிப்பெண்தான்.